யாரு வீட்டுப் பிள்ளை? நெல்லைச் சீமையில் வேதம் வாசிக்க உட்காருகிறவர்களுக்கு

பாளையங்கோட்டையிலோ சாத்தான்குளம் பக்கத்திலோ ஒரு கோயிலுக்கு முதல் தடவையாகப் போகிறீர்கள். (சி.எஸ்.ஐ. என்னும் தென்னிந்தியத் திருச்சபையாரும் இங்கே ஆலயத்தைக் கோயில் என்றுதான் சொல்வோம்.) ஆராதனை முடிந்து வெளியே வந்து செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போது ஒரு பெரியம்மா உங்கள் கையைப் பிடித்துக்கொள்வார். "எந்த ஊரும்மா? யாரு வீட்டுப் பிள்ளை நீ?"

எங்கள் பக்கத்தில் இந்தக் கேள்விக்கு இரண்டு உள்ளர்த்தம் உண்டு. ஒன்று, தூரத்திலிருந்து வந்த பிள்ளையாயிற்றே, எங்கே தங்கியிருக்கிறாய், சாப்பாட்டுக்கு என்ன செய்கிறாய் என்ற அக்கறை. இன்னொன்று, நீ யாருக்குச் சொந்தம், எந்தச் சாதி என்று தெரிந்துகொள்ளும் தேடல். பல நேரம் இரண்டும் ஒரே மூச்சில் வரும். கேட்கிறவருக்கே எது முந்தி வந்தது என்று தெரியாது. என்னிடமும் அப்படிக் கேட்டிருக்கிறார்கள், நானும் பிறரிடம் கேட்டிருக்கிறேன்.

பல வருடங்களாகச் சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டு முன்னறையில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து வேதம் வாசிக்கிறோம். புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் மூன்று வகை. வேலைக்கோ படிப்புக்கோ நெல்லைக்கு வந்தவர்கள், கல்யாணமாகி இங்கே வந்தவர்கள், இங்கேயே பிறந்து ஞானஸ்நானமும் திடப்படுத்தலும் பெற்று அந்தப் புத்தகத்தை மட்டும் திறக்காமல் வைத்திருந்தவர்கள். எல்லோரும் முதலில் கேட்பது, எங்கே தொடங்குவது என்பதுதான். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். விசுவாசம் உள்ளவர்தான் உட்காரலாம் என்று நாங்கள் சொல்வதில்லை. தன்னைப் பற்றியும் தன் ஆட்களைப் பற்றியும் கேட்டுப் பார்க்க மனம் இருந்தால் போதும்.

எங்கள் தாத்தா காலத்தில் கிராமங்களில் கிறிஸ்தவர்களை 'வேதக்காரர்' என்றார்கள். ஞானஸ்நானம் வாங்குவதற்கு 'வேதத்தில் சேருவது' என்று பெயர், ஆலயம் 'வேதக்கோயில்'. ஒரு கூட்டத்தாருக்கு ஊர் வைத்த பெயரே அவர்கள் கையில் இருந்த புத்தகத்திலிருந்து வந்தது. அப்படிப் பெயர் வாங்கிய நாம் அந்தப் புத்தகத்தில் நம்மைத் தேடிப் பார்க்காமல் இருப்பது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

முதலில் புத்தகம்

வீட்டில் ஒரு வேதாகமம் இருக்கும். அது பெரும்பாலும் பழைய மொழிபெயர்ப்பாக இருக்கும். ஹென்றி பவர் தலைமையில் ஒரு குழு திருத்தி, 1871இல் முழுமையாக வந்த வேதாகமத்தின் வழியில் வந்தது அது. இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல்லும் அந்தக் குழுவில் இருந்தார். "போஜனம்பண்ணி", "விசனமடைந்து" என்று அதன் நடை பழையதாகத் தோன்றும். ஆனால் கோயிலில் வாசிப்பதும் பெரியவர்கள் மனப்பாடமாகச் சொல்வதும் இதுதான். கூட ஒன்று வாங்க முடிந்தால், கத்தோலிக்கரும் மற்றச் சபையாரும் சேர்ந்து செய்து 1995இல் வெளிவந்த திருவிவிலியத்தை வாங்குங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசிப்பதில் பெரிய லாபம் இருக்கிறது.

ஒரு உதாரணம். லூக்கா 10ஆம் அதிகாரத்தில் நியாயசாஸ்திரி, அதாவது யூதச் சட்டம் படித்தவன், இயேசுவிடம் ஒரு கேள்வி கேட்கிறான். பழைய மொழிபெயர்ப்பில் அது "எனக்குப் பிறன் யார்?" என்று இருக்கும். திருவிவிலியத்தில் "எனக்கு அடுத்திருப்பவர் யார்?" என்று இருக்கும். பிறன் என்றால் நம் ஆள் அல்லாதவன். அடுத்திருப்பவர் என்றால் பக்கத்து வீட்டுக்காரர். பக்கத்து வீட்டுக்காரரே நம் ஆள் அல்லாதவராக இருந்தால்? அந்தக் கதையில் அடிபட்டுக் கிடந்தவனைத் தூக்கிக்கொண்டு போன சமாரியன் அப்படிப்பட்டவன்தான். எங்கள் கூட்டத்தில் இந்த இரண்டு சொல்லை மட்டும் வைத்து ஒரு சாயங்காலம் முழுக்கப் பேசியிருக்கிறோம்.

கைபேசியில் வாசிக்கலாமா என்று கேட்பார்கள். வாசிக்கலாம். ஆனால் ஓரத்தில் பென்சிலால் குறிக்க முடிகிற அச்சுப் புத்தகம் ஒன்று இருந்தால் நல்லது. பழைய குடும்ப வேதாகமம் கிடைத்தால் முதல் தாளைப் புரட்டுங்கள். பிறப்பு, ஞானஸ்நானம், கல்யாணம், மரணம் என்று மைப்பேனாவில் எழுதி வைத்திருப்பார்கள். எங்கள் வீட்டுப் புத்தகத்தில் இரண்டு வயதில் தவறிப்போன ஒரு அத்தையின் பெயர் இருக்கிறது. வேறெங்கும் அந்தப் பெயர் இல்லை.

ரூத்தில் தொடங்குங்கள்

ஆதியாகமம் ஒன்றாம் அதிகாரத்தில் உற்சாகமாகத் தொடங்கி, யாத்திராகமத்தில் ஆசரிப்புக் கூடாரத்தின் அளவுகள் வரும் இடத்தில் நின்றுபோனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நான் ரூத்தில் தொடங்கச் சொல்வேன். நான்கே அதிகாரம், 85 வசனம். நாளுக்கு ஓர் அதிகாரம் என்று நான்கு இரவு. சத்தமாக வாசியுங்கள். பக்கத்தில் யாராவது இருந்தால் வசனம் வசனமாக மாற்றி மாற்றி வாசியுங்கள். ஒவ்வொரு இரவும் ஒரே ஒரு காரியத்தை மட்டும் கவனியுங்கள்: யார் யாரை என்ன பெயர் சொல்லி அழைக்கிறார்கள்?

முதல் அதிகாரம் பஞ்சம் பிழைக்கப் போன குடும்பம். பெத்லகேமை விட்டு மோவாபுக்குப் போகிறார்கள், அங்கே ஆண்கள் மூன்று பேரும் சாகிறார்கள். நகோமி திரும்பும்போது மருமகள் ரூத் விடாமல் கூடவே வருகிறாள். "உம்முடைய ஜனம் என்னுடைய ஜனம், உம்முடைய தேவன் என்னுடைய தேவன்." இதைக் கல்யாணப் பத்திரிகைகளில் போடுகிறார்கள். ஆனால் இது ஒரு மருமகள் மாமியாரிடம் சொன்னது. அதுவும் இரண்டு பேரும் விதவைகளாகி, கையில் ஒன்றும் இல்லாமல் நடுவழியில் நிற்கும்போது சொன்னது. பிறகு நகோமி ஊருக்குள் நுழைந்ததும், தன்னை நகோமி என்று கூப்பிட வேண்டாம், மாராள் என்று கூப்பிடுங்கள் என்கிறாள். நகோமி என்றால் இனிமை, மாராள் என்றால் கசப்பு. தன் பெயரை அவளே மாற்றிக்கொள்கிறாள், ஊர் அதைக் கேட்கவில்லை. கதை முடிகிற வரை அவள் நகோமிதான். இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் அதிகாரத்தில்தான் நம் கேள்வி வருகிறது. வயலில் கதிர் பொறுக்குகிற ரூத்தைப் பார்த்த வயல்காரன் போவாஸ் கண்காணியிடம் கேட்கிறான்: "இந்தப் பெண்பிள்ளை யாருடையவள்?" கோயில் வாசலில் பெரியம்மா கேட்ட அதே கேள்வி! முதல் தடவை இந்த வசனத்தில் விரலை வைத்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. பதிலையும் பாருங்கள். அவள் பெயரைக் கண்காணி சொல்வதில்லை. நகோமியோடு வந்த மோவாபியப் பெண் என்கிறான், அவ்வளவுதான். ஊர் ஒன்று, கூட வந்தவள் ஒருத்தி, அதுதான் அவள் அடையாளம்.

அதே அதிகாரத்தில் ரூத் போவாஸிடம் கேட்கிறாள்: நான் அந்நிய தேசத்தாளாயிருக்க, நீர் என்னை "விசாரிக்கும்படி" எனக்கு எதினாலே தயை கிடைத்தது? விசாரிப்பது என்று எவ்வளவு நல்ல சொல் நம்மிடம் இருக்கிறது! போலீஸ் நிலையத்தில் நடப்பதும் விசாரணைதான். காய்ச்சலில் கிடக்கிறவரைப் பார்க்க ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போய், "இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்பதும் விசாரிப்புதான். மத்தேயு 25இல் இயேசு சொல்வதும் இதே சொல்: "வியாதியாயிருந்தேன், என்னை விசாரிக்க வந்தீர்கள்." யாரு வீட்டுப் பிள்ளை என்ற கேள்வி எந்த வகை விசாரிப்பாகப் போகிறது என்பது அடுத்து என்ன செய்கிறோம் என்பதில் இருக்கிறது. போவாஸ் கேட்டுவிட்டு அவளுக்குத் தண்ணீர் குடிக்க ஏற்பாடு செய்தான், அறுக்கிறவர்களோடு உட்காரவைத்துச் சாப்பாடு கொடுத்தான், அவள் பொறுக்கும்படி வேலைக்காரர்கள் வேண்டுமென்றே சில அரிகளைச் சிந்தவிடச் சொன்னான்.

மூன்றாம் அதிகாரத்தில் அவன் இருட்டில் மறுபடியும் கேட்கிறான். இந்தத் தடவை கேள்வி மாறியிருக்கிறது: "நீ யார்?" இடையில் கண்காணி யாரும் இல்லை. அவளே பதில் சொல்கிறாள், "நான் உம்முடைய அடியாளாகிய ரூத்." முதல் கேள்விக்கும் இரண்டாம் கேள்விக்கும் நடுவில் ஓர் அறுவடைக் காலம் கடந்திருக்கிறது. ஒரு ஆளை ஊர்ப் பெயரால் தெரிவதற்கும் அவள் பெயரால் தெரிவதற்கும் அத்தனை நாள் பிடித்திருக்கிறது.

நான்காம் அதிகாரத்தின் கடைசியில் குழந்தைக்குப் பெயர் வைப்பது யார் என்று பாருங்கள். அப்பாவும் அம்மாவும் வைக்கவில்லை, அயல்வீட்டுக்காரிகள் வைக்கிறார்கள். அந்தப் பிள்ளை ஓபேத், தாவீதின் தாத்தா. பிறகு மத்தேயு முதல் அதிகாரத்தில் உள்ள இயேசுவின் வம்ச வரலாற்றிலும் ரூத்தின் பெயர் வந்துவிடுகிறது. இப்போது உபாகமம் 23ஐத் திறந்து மூன்றாம் வசனத்தை வாசியுங்கள். மோவாபியன் பத்தாம் தலைமுறையிலும் கர்த்தருடைய சபைக்கு உட்படலாகாது என்று இருக்கிறது. ஒரே வேதாகமத்தில் இரண்டும் இருக்கின்றன. புதிதாக வாசிப்பவர்கள் இதைக் கண்டு பயந்துபோவார்கள். பயப்பட வேண்டாம். யார் உள்ளே, யார் வெளியே என்ற வழக்கு அந்தப் புத்தகத்துக்குள்ளேயே நடக்கிறது. உங்கள் வீட்டிலும் உங்கள் சபையிலும் நடப்பதும் அதே வழக்குதான்.

ஒரு நோட்டு

நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். இடது பக்கம் வேதத்தில் கேட்கப்படும் கேள்வியை எழுதுங்கள், வலது பக்கம் உங்கள் பதிலை எழுதுங்கள். ரூத்துக்கு அப்புறம் இந்த மூன்றை எடுத்துக்கொள்ளலாம்.

ஆதியாகமம் 16, ஆகார். வீட்டு எஜமானியின் கொடுமை தாங்காமல் ஓடிப்போன அடிமைப்பெண்ணிடம் தேவதூதன் கேட்பது: "எங்கேயிருந்து வருகிறாய்? எங்கே போகிறாய்?" முதல் கேள்விக்குத்தான் அவளிடம் பதில் இருக்கிறது. இரண்டாவதற்கு அவள் ஒன்றும் சொல்வதில்லை. நோட்டில் நீங்களும் ஒரு பக்கத்தை வெறுமையாக விடலாம், தப்பில்லை.

ஆதியாகமம் 27, பிறகு 32, யாக்கோபு. கண் தெரியாத அப்பா "நீ யார்" என்று கேட்டபோது அண்ணன் பெயரைச் சொல்லி ஆசீர்வாதம் வாங்கினவன், பல வருடம் கழித்து ஆற்றங்கரையில் இரவு முழுக்கப் போராடியபின் "உன் பேர் என்ன" என்ற கேள்விக்குத் தன் பெயரைச் சொல்கிறான். வேலைக்காகவோ கல்யாணத்துக்காகவோ நீங்கள் எந்தப் பெயரைச் சொல்லி நின்றீர்கள், எதை மறைத்தீர்கள் என்று எழுதிப் பாருங்கள். இந்தப் பக்கத்தை யாரிடமும் காட்ட வேண்டாம்.

யோவான் 1, நாத்தான்வேல். "நாசரேத்திலிருந்து யாதொரு நன்மை உண்டாகக்கூடுமா?" நம் பக்கத்திலேயே நாசரேத் என்று ஓர் ஊர் இருப்பதால் பிள்ளைகள் சிரிப்பார்கள். ஆனால் ஊரை வைத்து ஆளை எடை போடுவது நமக்குத் தெரியாத காரியமா? பிலிப்பு அதற்கு வாதாடவில்லை. "வந்து பார்" என்றான்.

ஆட்களோடு உட்காருவது

தனியாக வாசிப்பதோடு நிறுத்தினால் பாதி வழிதான். சேகரத்து ஐயரிடமோ சபை ஊழியரிடமோ கேட்டால் எந்தத் தெருவில் வீட்டு ஜெபக்கூட்டம் நடக்கிறது, எங்கே வேதபாடம் நடக்கிறது என்று சொல்வார்கள். (சேகரம் என்றால் ஒரு குருவானவரின் பொறுப்பில் உள்ள சபைகளின் தொகுப்பு. சபைக் குருவானவரை இங்கே ஐயர் என்போம், அதைக் கேட்டுக் குழம்ப வேண்டாம்.) கத்தோலிக்கப் பங்குகளில் அன்பியக் கூட்டம் என்று தெருவாரியாக நடக்கும். எங்கே போனாலும் முதல் இரண்டு வாரம் கேட்டுக்கொண்டு உட்காருங்கள். பாடத் தெரியாவிட்டால் உதட்டை அசைக்கவும் வேண்டாம், சும்மா இருக்கலாம். ஜெபிக்கச் சொன்னால், "இன்னைக்கு வேண்டாம்க்கா" என்று சொன்னால் யாரும் தப்பாக எடுக்கமாட்டார்கள்.

நடத்துகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். சில வருடங்களுக்கு முன் எங்கள் கூட்டத்துக்கு ஒரு செவிலியர் பெண் வந்தாள், வேறு மாவட்டத்துக்காரி. முதல் நாள் ஊர் கேட்டோம். இரண்டாம் நாள் அப்பா பெயர் கேட்டோம். மூன்றாம் நாள் ஒருவர், "உங்க ஆளுங்க அந்தப் பக்கம் எந்தத் தெருவுல இருக்காங்க?" என்று கேட்டார். எதற்காக அப்படிக் கேட்டார் என்று அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். நான் பேச்சை மாற்றவில்லை, தேநீர் எடுத்துவர உள்ளே போய்விட்டேன். நான்காம் வாரம் அவள் வரவில்லை, அப்புறமும் வரவில்லை. அவள் கையில் வைத்திருந்த நோட்டில் என்ன எழுதியிருப்பாள் என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.

அதற்குப் பிறகு எங்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம் வைத்தோம். புதிதாக வருகிறவரிடம் மூன்று கேள்விதான் கேட்கலாம். சாப்பிட்டாச்சா? எங்கே தங்கியிருக்கீங்க? எந்தப் பகுதி வாசிக்கணும்னு நினைக்கிறீங்க? மற்றதெல்லாம் அவராகச் சொன்னால் கேட்டுக்கொள்வோம். புதிதாகப் போகிற உங்களுக்கும் சொல்கிறேன், சொல்ல விருப்பமில்லாத கேள்விக்கு, "அதை அப்புறம் சொல்றேன் பெரியம்மா" என்று அமைதியாகச் சொல்லிவிடலாம். அது மரியாதைக் குறைவு ஆகாது. அதையும் மீறித் துருவினால் வேறு கூட்டம் தேடுங்கள். நெல்லையில் கூட்டங்களுக்குப் பஞ்சமில்லை.

ஒரு நாள் கிளம்பிப் பாருங்கள்

வாசித்ததை ஊரோடு சேர்த்துப் பார்க்க ஒரு விடுமுறை நாளை ஒதுக்குங்கள். வேதாகமத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

பாளையங்கோட்டையில் குளோரிந்தா ஆலயத்தில் தொடங்கலாம். பழைய ஆட்கள் பாப்பாத்தியம்மாள் கோயில் என்பார்கள். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பிராமண விதவையான அவருக்கு 1778இல் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் ஞானஸ்நானம் கொடுத்தார். அவர் கட்டிய ஆலயம் 1785இல் பிரதிஷ்டையானது. 1780இல் எழுதிய சபைப் பட்டியலில் இருந்தவர்கள் 40 பேர்தான், அதில் அவர் பெயர் முதலில் இருந்தது. திருநெல்வேலித் திருச்சபை என்று இன்றைக்கு நாம் பேசுவதெல்லாம் அந்த 40 பேரிலிருந்து வந்தது. வெளியூரிலிருந்து வந்த, சொந்தம் இழந்த ஒரு விதவை. அந்த ஆலயத்தில் உட்கார்ந்து ரூத் முதல் அதிகாரத்தை வாசியுங்கள்.

அங்கிருந்து சாத்தான்குளம் பக்கம் முதலூர். வேதத்தில் சேர்ந்ததற்காக அடியும் உதையும் பட்டு வீடு இழந்தவர்களுக்கு, தாவீது சுந்தரானந்தம் என்ற உபதேசியாரின் முயற்சியில் 1799இல் நிலம் வாங்கி உண்டாக்கிய ஊர் அது. முதல் ஊர் என்பதால் முதலூர். (இப்போது வெளியூர்க்காரர்களுக்கு மஸ்கோத் அல்வாவால் தெரியும். வாங்கிக்கொள்ளுங்கள், நன்றாக இருக்கும்.) இதைப் போலவே நாசரேத், மெய்ஞ்ஞானபுரம், சாயர்புரம், டோனாவூர் என்று ஊர்கள் எழுந்தன. ஓர் ஊருக்கு வேதத்திலிருந்து பெயர், ஒன்றுக்கு வணிகர் பெயர், இன்னொன்றுக்கு உதவி அனுப்பிய ஜெர்மனியப் பிரபுவின் பெயர். தேரி மணலும் பனையும் மட்டும் இருந்த இடத்தில் ஆலயம், பள்ளிக்கூடம், கிணறு, நேர்த்தெரு என்று எல்லாம் புதிதாக வந்தன. புது அடையாளம் என்பது அந்தக் காலத்தில் இவர்களுக்கு ஒரு முகவரியாகவே இருந்தது. இங்கே வாசிக்க எபேசியர் 2:19: "நீங்கள் இனி அந்நியரும் பரதேசிகளுமாயிராமல், பரிசுத்தவான்களோடே ஒரே நகரத்தாரும் தேவனுடைய வீட்டாருமாயிருந்து". பரதேசி என்ற சொல்லைத் திட்டாக மட்டும் கேட்டுப் பழகிய நமக்கு, அது வீடில்லாத வெளியூர்க்காரனைக் குறிக்கிற சொல் என்று அங்கே நின்றால் புரியும்.

இன்னொரு நாள் வள்ளியூர் தாண்டி வடக்கன்குளம். இது கத்தோலிக்க ஊர். திருவிதாங்கூர் அரண்மனையில் வேலை பார்த்த நீலகண்டன் 1745இல் இங்கேதான் ஞானஸ்நானம் பெற்றார். லாசர் என்ற பெயரைத் தமிழாக்கித் தேவசகாயம் என்று வைத்தார்கள். 2022இல் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டார். அதே ஊர்த் திருக்குடும்ப ஆலயத்துக்கு இன்னொரு கதையும் உண்டு. 1872இல் அதை இரண்டு கால் போலப் பிரித்துக் கட்டினார்கள், ஒரு சாதியார் ஒரு பக்கம், மற்றவர் இன்னொரு பக்கம், பீடத்தில் மட்டும் இரண்டும் சேரும்படி. நடுவில் இருந்த தடுப்பு 1910இல் அகற்றப்பட்டது. அதை எதிர்த்துப் போட்ட வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை போனது. எபேசியர் 2:14இல் "பிரிவினையாகிய நடுச்சுவரைத் தகர்த்து" என்று இருப்பதை இந்த ஊரில் வாசிக்கும்போது யாருக்கும் விளக்கவுரை தேவைப்படாது.

அதே 1910இல், மெய்ஞ்ஞானபுரத்துக்குப் பக்கத்து வெள்ளாளன்விளையில் பிறந்து பின்னாளில் பேராயரான அசரியா, எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில் பேசினார். மிஷனரிகளின் தியாகத்துக்கு நன்றி சொல்லிவிட்டு, எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டார். வெள்ளைக்காரர்கள் இந்தியக் கிறிஸ்தவர்களைச் சமமாக உட்காரவைக்கவில்லை என்பது அவருடைய மனக்குறை. வெளியே இருந்து நமக்கு நடந்ததும் உள்ளே நாம் ஒருவருக்கொருவர் செய்ததும் ஒரே வருடத்தில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. கல்யாணம் பேசும்போது, கல்லறைத் தோட்டத்தில், சேகரத் தேர்தலில் அந்தச் சுவர் இன்றைக்கும் எங்கெங்கே நிற்கிறது என்று புதிதாக வருகிறவர்களுக்குச் சீக்கிரமே தெரிந்துவிடும். நான் அதை மறைத்து உங்களை வரவேற்க விரும்பவில்லை. "யூதனென்றும் கிரேக்கனென்றுமில்லை" என்ற கலாத்தியர் 3:28ஐ மனப்பாடமாகச் சொல்லத் தெரிந்த சபை இது. சொல்லத் தெரிந்ததாலேயே இந்த வசனத்தைக் காட்டி நாம் கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும்.

பந்தியில் உட்காருங்கள்

பிரதிஷ்டைப் பண்டிகைக்கு எங்கள் ஊர்களில் அசனம் நடக்கும். ஊர் கூடி வரி போட்டு, இரவெல்லாம் அண்டா அண்டாவாகச் சோறும் குழம்பும் பொங்கி, எல்லோரும் ஒரே பந்தியில் சாப்பிடுவது. மும்பையிலும் சென்னையிலும் இருக்கிறவர்கள்கூட அதற்கு வந்துவிடுவார்கள். கூப்பிட்டால் கட்டாயம் போங்கள். போவதற்கு முந்தின இரவு 1 கொரிந்தியர் 11ஐ 17ஆம் வசனத்திலிருந்து கடைசி வரை வாசியுங்கள். கொரிந்து சபையிலும் சேர்ந்து சாப்பிடுவதில்தான் தகராறு. வசதியானவர்கள் முந்திச் சாப்பிட்டுவிடுகிறார்கள், இல்லாதவர்கள் பசியோடு நிற்கிறார்கள். பவுல் கோபமாக எழுதிக்கொண்டே வந்து கடைசியில் மிகச் சின்னதாக ஒன்று சொல்கிறார்: "ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள்." இலை போட்டபிறகு பக்கத்தில் இருக்கிறவருக்குச் சோறு வருகிற வரை கை வைக்காமல் இருப்பது நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக்கொடுத்த பழக்கம். அது வேதத்தில் இருக்கிறது என்று அவர்களில் பலருக்குத் தெரியாது.

அசனத்துக்கு அப்புறம் பிலேமோன் நிருபம். 25 வசனம்தான், பத்து நிமிடத்தில் முடியும். ஓடிப்போன அடிமையைத் திருப்பி அனுப்பும்போது, சகோதரனாக ஏற்றுக்கொள் என்று எஜமானுக்கு எழுதிய கடிதம். எஜமான் என்ன செய்தான் என்று அதில் இல்லை. கூட்டத்தில் ஒவ்வொருவரும் பிலேமோன் எழுதியிருக்கக்கூடிய பதில் கடிதத்தை எழுதி வாசிக்கச் சொல்லுங்கள். வீட்டு வேலைக்கு ஆள் வைத்திருக்கிறவர்கள் அன்றைக்கு எழுதுவது வேறு மாதிரி இருக்கும்.

கடைசியாக ரோமர் 16

இதை எல்லோரும் தாண்டிப் போய்விடுவார்கள், வெறும் பெயர்ப் பட்டியல் என்று. நான் இதைத்தான் கடைசி வாரத்துக்கு வைத்திருப்பேன். பவுல் தனக்குத் தெரிந்தவர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி வாழ்த்துகிறார். பிரிஸ்கில்லாள், ஆக்கில்லா, திரிபேனாள், திரிபோசாள். அடிமைகளுக்கு வைக்கும் பெயர்களும் அதில் உண்டு, வசதியான வீட்டுக்காரர்களும் உண்டு, பெண்கள் நிறைய உண்டு. இரண்டு மூன்று பேரை மட்டும் என் இனத்தார் என்கிறார், மற்றபடி பலரைப் பற்றி என்ன பாடுபட்டார்கள் என்றுதான் எழுதுகிறார். 13ஆம் வசனத்தில் ரூப் என்பவனை வாழ்த்திவிட்டு, "எனக்கும் தாயாகிய அவனுடைய தாயையும் வாழ்த்துங்கள்" என்கிறார். அந்த அம்மாவின் பெயர்கூட இல்லை. சோறு போட்டிருப்பார், துணி துவைத்துக் கொடுத்திருப்பார், வேறென்ன!

நோட்டின் கடைசிப் பக்கத்தில் உங்கள் பட்டியலை எழுதுங்கள். சொந்தக்காரர்களை விட்டுவிட்டு, உங்களை விசாரித்தவர்களை மட்டும் எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால் பவுல் எழுதினதுபோல எழுதலாம். போன வருடம் எங்கள் கூட்டத்துக்கு வந்த ஒரு கல்லூரிப் பையன், ஊர் தூத்துக்குடிக்கும் அந்தப் பக்கம், அவன் பட்டியலைச் சத்தமாக வாசித்தான். விடுதி வாசலில் இட்லி விற்கிற ஆச்சி, மருத்துவமனையில் இரண்டு இரவு கூட இருந்த அறைத் தோழன், அவன் முஸ்லிம், அப்புறம் பேருந்தில் மயங்கி விழுந்தபோது மடியில் தலையை வைத்துக்கொண்ட ஒரு அம்மா. "அந்த அம்மா எந்த ஊருன்னு கேட்க மறந்துட்டேன்" என்றான். எங்கள் கூட்டத்தின் மூத்த அண்ணாச்சி பென்சிலை வாங்கி, தன் வேதாகமத்தில் 13ஆம் வசனத்தின் ஓரத்தில் அன்றைய தேதியைக் குறித்துக்கொண்டார்.